ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வரும் பிழை

உருத்திரபுரத்தில் மூன்றரை ஏக்கர் வயலுக்கும் அதற்கு நேர்மேலே உள்ள ஆகாயத்துக்கும் அதிபதியும், விவசாயிகள் அமைப்பின் தோல்வியே கண்டிராத செயலாளரும், மயில்களுக்கும் குரங்குகளுக்கும் பரம எதிரியுமான உன் அப்பன், ஒஸ்லோ நகரில் பனிக்கட்டிகளை ஆண்டுகொண்டிருக்கும் தன் மகனுக்கு அனுப்பும் நீண்ட ஓலை இது. நான் தோல்வி கண்டதில்லை என்பது உண்மை. என்னோடு போட்டியிட ஒருவரும் வந்ததில்லை என்பதும் உண்மை. இன்றைக்கு உண்மைகளை முழுதாகவே சொல்வதென்று முடிவெடுத்திருக்கிறேன். அதனால்தான் இந்த இரண்டாவதையும் சேர்த்துச் சொன்னேன்.

தம்பி, இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. உங்கள் மென்பொருளில் வரும் பிழைகளை எல்லாரும் பார்க்கும்படி பதிந்து வைக்கிற இணையப் பலகை ஒன்று நீயும் உன் கூட்டாளிகளும் வைத்திருக்கிறீர்களே, அதில் என் கணினியின் பிழை ஒன்று மூன்று மாதமாகத் தொங்குகிறது. ‘ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வைஃபை அறுந்துபோகிறது, காரணம் தெரியவில்லை’ என்று நீயே எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே இந்தக் கடிதத்தையும் தொங்கவிடு. உன் வெள்ளைக்காரக் கூட்டாளிகளுக்கு மொழிபெயர்த்தும் கொடு. மொழிபெயர்க்கும்போது என் பட்டங்களில் ஒன்றையும் குறைக்காதே. வருகிற வெள்ளிக்கிழமை பழைய சிஸ்டத்தைக் கைவிடுவதா இல்லையா என்று நீங்கள் முடிவெடுக்கப் போகிறீர்கள். அதற்கு முன்னர், அந்தப் பிழையைப் பற்றி உலகத்திலேயே இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு சங்கதியை நீ அறிந்தாக வேண்டும். அதில் ஓர் ஆள் நான். மற்றது உன் அம்மா.

பலகையில் வாசிக்கிறவர்களுக்கு எதுவும் விளங்காமல் போகக்கூடாது. ஆகவே கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன். என் மடிக்கணினி நீ பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தது. இரணைமடுக் குளத்தை வெட்டும்போது மண்ணோடு மண்ணாகக் கிளம்பியது என்றுதான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். அதில் பழைய சிஸ்டம்தான், அதாவது கணினியை இயக்குகிற அடிப்படை மென்பொருளின் பழைய பதிப்புத்தான், ஓடும். புதியதை ஏற்றினால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றுவிடும். அதோடு, தண்ணீர்முறை அட்டவணை அடிக்கிற என் மென்பொருளுக்கும் அந்தப் பழைய சிஸ்டத்தை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. சிறுபோகத்தில், அதாவது கோடை நெல்லுக்கு, எந்த வாய்க்காலில் எந்த நாள் யாருக்குத் தண்ணீர் என்று நான் அச்சடித்து ஒட்டாவிட்டால், உருத்திரபுரத்தில் மனிதர்கள் வாயை மூடிவிடுவார்கள், மண்வெட்டிகள் பேசத் தொடங்கிவிடும். போன வருடம் ஓர் இடி மின்னலில் அந்த மடிக்கணினியின் வயிற்றுக்குள் இருந்த வைஃபை செத்துப்போனது. கிளிநொச்சிக் கடைக்காரர் விரல்நகம் அளவில் ஒரு டொங்கிளைத் தந்தார். பக்கத்திலுள்ள துவாரத்தில் செருகினால் வைஃபை பிடிக்குமாம். செருகினேன். பிடிக்கவில்லை. டொங்கிளிடம் வேலை வாங்குகிற டிரைவர் என்ற மென்பொருள் புதுச் சிஸ்டங்களுக்காக எழுதப்பட்டது என்றும், பழைய சிஸ்டம் சொல்வது அதற்கு விளங்காது என்றும் நீ சொன்னாய். சொன்ன கையோடு சிரித்தாய்.

“அப்பா, இதுதான் என்ரை வேலையே. புது டிரைவர் ஒரு வேலையை ஒரு பேர் சொல்லிக் கேக்கும். பழைய சிஸ்டத்திலை அதே வேலை வேறை பேரிலை, வேறை ஒழுங்கிலை கிடக்கும். நான் டிரைவரையும் தொடமாட்டன், சிஸ்டத்தையும் தொடமாட்டன். நடுவிலை ஒரு துண்டு எழுதுவன். அது ரெண்டு பக்கத்துக்கும் மாத்தி மாத்திச் சொல்லும்.”

நடுவில் ஒரு துண்டு என்றதும் நானும் சிரித்தேன். ஏன் என்று நீ கேட்கவில்லை, உனக்கு வேலை இருந்தது. இப்போது சொல்கிறேன், நேரம் எனக்கு நிறையக் கிடக்கிறது.

சண்டை முடிந்து நாங்கள் திரும்பி வந்து குடியேறிய பிறகு இரண்டு சில்லு உழவு இயந்திரம் ஒன்று புதிதாக எடுத்தேன். அதன் பின்னால் கொழுவி இழுப்பதற்குச் சில்லு வைத்த பெட்டி ஏற்கெனவே இருந்தது. இடம்பெயர்ந்தபோது உங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போய், பாதி வழியில் விட்டுவிட்டு நடந்தோமே, அதே பெட்டி. திரும்பி வந்து தேடியபோது ஒரு வாய்க்காலுக்குள் கவிழ்ந்து கிடந்தது. பழைய சாமான் என்று எங்களுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். புது இயந்திரத்தின் கொழுவி அகலம், பெட்டியின் நாக்கு ஒடுக்கம். நான் யோசித்தேனா? கோடாலியின் பின்பக்கத்தால் பெட்டியின் நாக்கை அடித்து விரிக்கப் பார்த்தேன். நூறு யானைப் பலத்தோடு மூன்றே அடி. நாக்கு வெடித்துவிட்டது. பரந்தனில் இருந்த வெல்டிங் கடைக்குப் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனேன். கடைக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“அண்ணை, இதுக்கு அடிக்கச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது?”

“ஆரும் சொல்லேல்லை. என்ரை சொந்த மூளை.”

“அதையும் இஞ்சை வைச்சிட்டுப் போங்கோ, சேத்து ஒட்டித் தாறன்.”

பிறகு அவர் நாக்கை ஒட்டினார். ஒட்டிவிட்டுச் சொன்னார், “இனி மெசினையும் வெட்டாதேங்கோ, பெட்டியையும் அடிக்காதேங்கோ. ரெண்டும் தங்கடை பாட்டிலை இருக்கட்டும். நடுவிலை ஒரு துண்டு செய்து தாறன்.” செய்து தந்தார். உள்ளங்கை அளவு இரும்பு, இரண்டு ஓட்டை. இன்றைக்கும் அதுதான் என் நெல் மூட்டைகளை இழுக்கிறது. ஒஸ்லோவில் பெரிய படிப்புப் படித்து நீ செய்கிற வேலையைப் பரந்தனில் ஒரு மனிதர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு செய்தார். அதற்காகத்தான் சிரித்தேன். உன்னைக் குறைத்துச் சிரிக்கவில்லை. என் மகனும் அந்த மனிதரும் ஒரே தொழிற்காரர் என்ற பெருமையில் சிரித்தேன்.

கோடாலியால் அடித்து விரிக்கிற இந்தப் புத்தி எனக்கு அன்று வந்ததல்ல. அதற்கு வெகுகாலம் முன்னர் அதை உன் அம்மாவிடம் காட்டியிருக்கிறேன். இதை நான் உனக்குச் சொன்னதில்லை. உன் அம்மாவின் ஆட்கள் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். என் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்று வந்தவர்கள். வந்த இடத்திலும் தாங்கள்தான் அசல் என்ற நினைப்பு அவர்களை விட்டுப் போகவில்லை. கலியாணமான புதிதில் உன் அம்மா வாய் திறந்தால் என் அக்காமார் சிரிப்பார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அக்காமாரை ஓர் அதட்டு அதட்டியிருக்க வேண்டும். மாமேதையான நான் ஒரு தாளை எடுத்து உன் அம்மாவுக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். ‘பேசுறேன்’ என்று சொல்லாதே, ‘கதைக்கிறன்’ என்று சொல். ‘ஆமா’ வேண்டாம், ‘ஓம்’ என்று சொல். இப்படி ஒரு பக்கம். அவர் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார், “ஓமுன்னு சொன்னா ஒங்க அக்காமாரு என்னயச் சேத்துக்குவாங்களா?” நான் “ஓம்” என்றேன்.

அந்தச் சிறுபோகம் முழுக்க அவர் அநேகமாகப் பேசவில்லை. பிழையாக எதையும் சொல்லிவிடக்கூடாது என்று எதையுமே சொல்லாமல் இருந்தார். பட்டியல் பாடமாக்கக் கடினமாக இருக்கிறதாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். குசினியில் சட்டி வைக்கிற சத்தம் மட்டும் கேட்கும் ஒரு வீட்டில், புதிதாகக் கலியாணம் கட்டியவன், மாடுகளிடம் போய்ப் பேசிக்கொண்டிருந்தேன். அறுவடை முடிந்த கிழமை அந்தத் தாளைக் கொண்டுபோய் அவர் பார்க்கும்படி அடுப்பில் போட்டேன். “என்னங்க எரியுது?” என்று கேட்டார். “என்ரை மூளை” என்றேன். அன்றைக்குத்தான் சிரித்தார். பிறகு இன்றுவரை அவர் அவருடைய தமிழில் என்னை ஏசுகிறார், நான் என்னுடைய தமிழில் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன், ஒரு சொல்லும் வீணாவதில்லை.

இந்த வீட்டில் அவர்தான் நடுத்துண்டு என்பது எனக்கு இந்த வருடம்தான் தெரிந்தது. உனக்கும் எனக்கும் இடையில் அவர் செய்த வேலையைக் கேள். நீ தொலைபேசி எடுப்பாய். நான் கதிரையில் இருந்தபடி “என்னவாம்?” என்பேன். அவ்வளவுதான். அவர் அதை உனக்குச் சொல்லும்போது, “அப்பா கேக்குறாரு, சாப்பிட்டியா, குளிருக்குப் போர்வை பத்துதான்னு” என்று சொல்வார். நான் போர்வையைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை, தம்பி. நீ அந்தப் பக்கம் “ம்” என்றிருப்பாய். எனக்கு அது வந்துசேரும்போது, “புள்ள ஒங்கள ரொம்ப விசாரிச்சான்” என்று வரும். இப்படிப் பன்னிரண்டு வருடமாக நீயும் நானும் அருமையாகப் பேசிக்கொண்டிருந்தோம், இரண்டு பேரும் வாயே திறக்காமல்.

போன தை மாதம் அவர் வவுனியாவுக்குப் போனார். உன் அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை, வேலையும் விடமுடியாது, பார்க்க ஆள் வேண்டும். நான்தான் போகச் சொன்னேன். ‘இந்தச் சாம்ராஜ்யத்தை நான் தனியாக ஆளுவேன்’ என்று பஸ்ஸடியில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். ஆண்டுகொண்டுதான் இருக்கிறேன். ஒரு சுண்டு அரிசி போட்டால் எனக்கு மூன்று வேளைக்குப் போதும். காலையில் பிளேன்டீயை ஊற்றிவிட்டு இரண்டாவது கோப்பையைத் தேடுகிற கையை இன்னும் பழக்க முடியவில்லை. மயில்களை விரட்டும்போது அவற்றின் தாய் தகப்பனைப் பற்றி நீண்ட சொற்பொழிவு ஆற்றுகிறேன். அவை நின்று கேட்கின்றன. அப்புறம் உன் தொலைபேசி வரும். ஞாயிறு மத்தியானம், நான் சாப்பிட்டு முடிக்கிற நேரம், உனக்கு அங்கே காலை.

“அப்பா, எப்பிடி இருக்கிறியள்?”

“சிங்கம் மாதிரி.”

“சாப்பிட்டியளோ?”

“ஓம். நீ?”

“ஓம்.”

“மழையோ?”

“இல்லை. பனி. அங்கை?”

“வெய்யில்.”

“சரி அப்பா, வைக்கிறன்.”

இடையில் வருகிற மௌனங்களையும் சேர்த்து நாலு நிமிடம். நான் கூட்டிக் குறைத்துச் சொல்லவில்லை, தொலைபேசியே காட்டும். நாலு நிமிடம் முடிந்ததும் திரை கறுத்துவிடும். அதில் என் முகம் தெரியும்.

சித்திரை கழிந்து ஒரு ஞாயிறு, பழைய சிஸ்டம் பாதுகாப்புக்கென்று தனக்குத்தானே ஏதோ திருத்தம் செய்துகொண்டது. உன் நடுத்துண்டு அதோடு பொருந்தவில்லை, வைஃபை போய்விட்டது. அது நியாயமான பிழை. அதில் என் கை இல்லை. நீ தொலைபேசியின் கமராவைத் திரைக்கு நேரே பிடிக்கச் சொன்னாய். இதை அடியுங்கோ, அதை அழுத்துங்கோ, இனிப் பொறுங்கோ என்றாய். இரண்டு மணித்தியாலமும் பத்து நிமிடமும். உன் கோப்பு என் தொலைபேசிக்கு இறங்குகிற நேரத்தில், கறி வெட்டும்போது விரலை வெட்டிக்கொண்ட கதையைச் சொன்னாய். கணினி நின்று திரும்ப எழும்புகிற நேரத்தில், உன் மேல்வீட்டுக் கிழவர் உனக்குப் பனி அள்ளப் பழக்கியதைச் சொன்னாய். நான் கோடாலியும் பெட்டியும் கதையைத் தவிர மற்றதெல்லாம் சொன்னேன். கடைசியில், எல்லாம் சரிவந்த பிறகு, நீ எனக்கு ஒரு விஷயம் சொன்னாய். அம்மாவுக்கு இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றாய். இது பொதுப் பலகை என்பதால் இங்கே எழுதமாட்டேன், பயப்படாதே. ஆனால் நீ பிறந்த நாளிலிருந்து அம்மாவுக்கு முன்னர் எனக்குச் சொன்ன முதல் விஷயம் அதுதான். அன்று பின்னேரம் நான் வயலுக்கு நடந்துபோனதைப் பார்த்தவர்கள், இரணைமடு மீன்கள் எழும்பி எனக்கு வணக்கம் வைத்தன என்று நான் சொன்னால் நம்பியிருப்பார்கள்.

அடுத்த ஞாயிறு எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. நாலு நிமிடம்.

அதற்கடுத்த ஞாயிறு, நீ எடுப்பதற்குச் சற்று முன்னர், நான் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அந்த டொங்கிளைப் பிடித்து ஒரு நூல் அளவு வெளியே இழுத்துவிட்டேன். விழாது, பார்த்தால் செருகினபடியே இருக்கும், ஆனால் உள்ளே தொடாது. நீ சொல்கிற ஞாயிற்றுக்கிழமைப் பிழை இதுதான். இதற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை. உன் அப்பனின் இரண்டு விரல்.

நீ முதலிலேயே சரியான கேள்வியைத்தான் கேட்டாய். அதை நீ மறந்திருக்கமாட்டாய்.

“அப்பா, டொங்கிள் இறுக்கமா இருக்கோ?”

“இரணைமடுக் கட்டு ஆடினாலும் இது ஆடாது.”

“கூட்டிச் சொல்லாதேங்கோ அப்பா. சரியாச் சொல்லுங்கோ.”

“சரியாத்தான் சொல்லுறன். இறுக்கம்.”

கமராவை அந்தப் பக்கம் திருப்பிக் காட்டச் சொன்னபோது, திருப்புகிற கையோடு மற்றக் கையால் அமுக்கிவிட்டுக் காட்டினேன். உடனே வைஃபை வந்துவிட்டது. நீ துள்ளி எழும்பினாய். “என்ன செய்தனீங்கள்?” “ஒண்டும் செய்யேல்லை, பார்த்தனான்.” “பார்த்தவுடனை வந்திட்டுதோ?” “என்ரை பார்வை அப்பிடி.” நீ சிரித்தாய். சிரித்துவிட்டு, கணினி தனக்குள் எழுதி வைக்கிற பதிவை எடுத்து அனுப்பச் சொன்னாய். அதில் ஒவ்வொரு ஞாயிறும் ஒரே வரிதான் இருந்தது, டொங்கிள் கழன்றது என்று. ஆனால் அப்பா இறுக்கம் என்று சொல்லிவிட்டாரே. ஆகவே பழைய சிஸ்டம்தான் டொங்கிளுக்குப் போகிற மின்சாரத்தை இடையில் வெட்டுகிறது என்று நீ முடிவு கட்டினாய். அதற்கு ஒரு மருந்து எழுதினாய், கேட்கவில்லை. இரண்டாவது எழுதினாய். டொங்கிளைத் தூங்கவே விடாத மூன்றாவது மருந்தையும் எழுதி, ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பினாய். கணினி உண்மை சொன்னது, அப்பன் பொய் சொன்னான், நீ அப்பனை நம்பினாய்.

உன் அம்மா இரண்டு கிழமைக்கு முன்னர் ஒரு ஞாயிறுக்கு வந்திருந்தார். அவர் குசினியில் இருக்கிறார் என்ற தைரியத்தில் என் திருப்பணியை ஆரம்பித்தேன். தலை நிமிர்ந்தால் வாசலில் நிற்கிறார்.

“என்னங்க பண்றீங்க?”

“தூசி தட்டுறன்.”

“இழுத்து இழுத்தா தூசி தட்டுவாங்க?”

நீ எடுத்தாய். அவர் பின்னால் கதிரையில் இருந்து முழுவதையும் கேட்டார். நீ ஒன்றேமுக்கால் மணித்தியாலம் அடி அடி என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நீ வைத்த பிறகுதான் வாய் திறந்தார்.

“அவன் அங்க மண்டைய ஒடைச்சுக்கிறான். நீங்க இங்க கழட்டிப்புட்டு சிங்கமாட்டம் ஒக்காந்திருக்கீங்க.”

“கழட்டாட்டி நாலு நிமிசத்திலை வைச்சிடுவான்.”

அவர் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார், “அதுக்கு அவங்கிட்ட பேசணும்ங்க. அதப் புடுங்கக்கூடாது.”

“என்னத்தைக் கதைக்கிறது?”

“இத்தன வருசமா எங்கிட்ட கத விடுறீங்களே. அதுல ஒண்ண எடுத்து விடுங்க.”

அடுத்த ஞாயிறு சொல்லிவிடுகிறேன் என்று சத்தியம் செய்தேன். அவர் பஸ் ஏறிப் போனார். அடுத்த ஞாயிறும் இழுத்தேன். அதுதான் போன ஞாயிறு. அன்றைக்கு நீ ஒன்றும் அடிக்கச் சொல்லவில்லை. குரல் களைத்திருந்தது.

“அப்பா, இனி ஏலாது. வெள்ளிக்கிழமை கூடி, பழைய சிஸ்டத்துக்கான துண்டை நிப்பாட்டுறதெண்டு முடிவெடுக்கப் போறம். உங்கடை பிழை ஒண்டுதான் மிச்சம், அதை என்னாலை பிடிக்க ஏலாமல் கிடக்கு. நான் தோத்துப்போனன். உங்களுக்குப் புது மடிக்கணினி ஒண்டு அனுப்பிவிடுறன்.”

நான் “ஓம்” என்று மட்டும் சொன்னேன். வாழ்நாள் முழுக்க இலட்சத்துக்கும் கோடிக்கும் குறையாமல் பேசிய வாயிலிருந்து அந்த ஒரு சொல்தான் வந்தது.

செவ்வாய்க்கிழமை ரஜனி வந்தாள். சனசமூக நிலையத்தில் கணினிகளைப் பார்க்கிற பிள்ளை. யாரோ கொழும்பில் கழித்துவிட்ட நாலு பழைய கணினிகளை வைத்துக்கொண்டு ஊருக்கே விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறாள். நாலிலும் என்னுடையது போல டொங்கிள், நாலிலும் உன் துண்டு. அந்த ஒரு பிழையால் துண்டை நிறுத்தப்போகிற அறிவித்தலை வாசித்துவிட்டுச் சைக்கிளில் நேரே இங்கே வந்துவிட்டாள். படலையைத் திறக்கும்போதே கேட்டாள்.

“மாமா, அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிழை ஆருடையது? எங்கடை நாலும் ஒரு நாளும் விழேல்லையே. இப்ப கொஞ்ச நாளா டொங்கிள்தான் தோசைக்கல்லு மாதிரிச் சுடுது.”

“உலகத்திலை எத்தினை கோடி சனம். ஆரோ ஒரு விசரன்.”

“அந்த விசரனாலை எங்கடை நாலும் நிக்கப் போகுது. சிஸ்டம் இன்னொருக்காத் திருத்தம் செய்தால் துண்டு பொருந்தாது, பிறகு வைஃபை இல்லை. வாற மாசம் கம்பஸ் விண்ணப்பம் மாமா. டவுனுக்குப் போய் நிரப்ப எல்லாற்றை பிள்ளையளுக்கும் ஏலுமோ?”

இல்லாத ஒரு மயிலை விரட்டக் கல் ஒன்று எடுத்தேன்.

“உங்கடை மகனோடை கதைக்கேக்கை கேளுங்கோ. அந்த ஆளைக் கண்டால் நான் தேடுறன் எண்டு சொல்லுங்கோ.”

“கண்டால் சொல்லுறன்.”

அன்று பின்னேரம் அலுமாரிக் கண்ணாடியில் கண்டேன். சொன்னேன்.

ஆகவே தம்பி, நீ எப்போதும் கேட்கிறபடி, கூட்டாமல் சொல்கிறேன். நான் டொங்கிளை இழுத்தது பதினொரு ஞாயிறு. அந்தப் பதினொரு நாளும் உன் துண்டில் பிழை இருக்கவில்லை, பழைய சிஸ்டத்தில் பிழை இருக்கவில்லை, மின்சாரத்தை ஒருவரும் வெட்டவில்லை. சித்திரைக்குப் பிறகு வந்த அந்த நியாயமான பிழையை நீ அன்றைக்கே திருத்திவிட்டாய். அதற்குப் பிறகு எழுதிய மூன்று மருந்தையும் எடுத்து எறிந்துவிடு, இல்லாத நோய்க்கு எழுதிய மருந்து. ரஜனியின் டொங்கிள்கள் சுடுவது அந்த மூன்றாவதால்தான் என்று நினைக்கிறேன். நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். நீ தோற்கவில்லை. இல்லாத ஒன்றை நீ மூன்று மாதம் தேடினாய், அது கிடைக்கவில்லை, கிடைக்காமல் போனதுதான் சரி. பலகையில் உன் பெயருக்குப் பக்கத்தில் தொங்குகிற அந்தப் பிழையை எடுத்து என் பெயருக்குப் பக்கத்தில் கொழுவு. என் பட்டங்களோடு அதுவும் இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை நீங்கள் எடுக்கிற முடிவு உங்களுடையது. பழையதைத் தூக்கிக்கொண்டு நடக்க உங்களுக்குக் களைப்பாக இருந்தால், களைப்பென்று சொல்லி நிறுத்துங்கள். ரஜனி போன்றவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி, மாற இடம் கொடுத்து நிறுத்துங்கள். என் இரண்டு விரலை நம்பி மட்டும் நிறுத்திவிடாதே. புது மடிக்கணினி எனக்கு வேண்டாம். அனுப்பத்தான் போகிறாய் என்றால் சனசமூக நிலையத்துக்கு அனுப்பு. அப்பன் என்ற முறையில் புத்தி ஒன்றும் சொல்லாமல் கடிதத்தை முடித்தால் உலகம் என்னை மதிக்காது, ஆகவே ஒன்று சொல்கிறேன். ஆள் ஒன்று சொல்லி, கணினியின் பதிவு வேறொன்று சொன்னால், பதிவை நம்பு. நம்பிவிட்டு, அந்த ஆள் ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனிடமே ஒருக்கால் கேள். கேட்டிருந்தால் மூன்றாவது ஞாயிறே நான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ. இன்றைக்கு உண்மை நாள் என்பதால் அதையும் எழுதுகிறேன்.

ரஜனி போன பிறகு டொங்கிளைத் துவாரம்வரை அமுக்கி, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரால் சுற்றி ஒட்டிவிட்டேன். இரண்டு நாளாக ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை. இந்தக் கடிதமும் அதன் வழியாகத்தான் வருகிறது. இது உன் கைக்கு வந்து சேர்ந்தால், அதுதான் என் சாட்சி.

வருகிற ஞாயிறு இங்கே பழுதாக எதுவும் இருக்காது. நீ என்னோடு கோபித்துக்கொண்டு எடுக்காமல் விடலாம். அதற்கு உனக்கு நியாயம் இருக்கிறது, நான் ஒரு கிழமையோ இரண்டு கிழமையோ பொறுத்துக்கொள்வேன், மயில்கள் இருக்கின்றன. எடுத்தாயென்றால், உன் அம்மா எனக்காகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விகளை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன். இந்த முறை நானே கேட்பேன். குளிருக்குப் போர்வை போதுமோ என்பது முதலாவது. கேட்டுப் பழக்கமில்லை, நீ பொறுத்துக்கொள். அதற்குப் பதில் சொல்லிவிட்டு உடனே வைத்துவிடாதே. பெட்டிக்கு நடுவில் இரும்புத் துண்டு போட்ட கதையை இங்கே சுருக்கித்தான் எழுதியிருக்கிறேன், முழுக்கதை வேறு. இரண்டு மணித்தியாலம் கேட்கவில்லை. நாலு நிமிடத்தை ஐந்தாக்கு. கூட்டிச் சொல்லவில்லை, தம்பி. ஐந்து.

அப்பா